விரல் முட்டியில ஒரு கீறல்

எங்க பக்கத்துல பொம்பளைங்க கையைப் பாத்து யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பழவேற்காடு ஏரியில இடுப்பளவு தண்ணியில உக்காந்துக்கினு, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவித் தடவி எறா புடிக்கிறவங்க நாங்க. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பறின்னு பனை ஓலையில முடைஞ்ச ஒரு சின்னக் கூடை. அதைப் பல்லால கடிச்சுக்கினு, கையில மாட்டுற எறாவை அதுக்குள்ள போட்டுக்கினே நகந்து போவோம். சேத்துக்குள்ள கிளிஞ்சல் இருக்கும், நண்டு இருக்கும். விரல் முட்டி எல்லாம் கீறிக் கீறித் தோலு தடிச்சுப் போயிருக்கும். பொண்ணு பாக்க வர்றவங்ககூட எங்க கையைப் பாத்து இது இன்னா காயம்னு கேட்டதில்ல.

அதனாலதான் என் பொண்ணு கையில இருந்த காயத்தை நானும் கேக்கல. வலது கை, விரல் முட்டி மேல ரெண்டு கீறல். ஆறுறதுக்குள்ள மறுபடியும் புதுசா செவந்து நிக்கும். மஞ்சளைத் தேங்கா எண்ணெயில குழைச்சுப் பூசி உட்டேன். அவ ஏரியில கால் வச்சே நாலு மாசம் ஆயிருந்துச்சு. அது என் மண்டையில ஏறவே இல்ல.

எனக்கு வாய் ஜாஸ்தி. ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கோவம் வர்றதுக்கு முன்னாடியே வார்த்தை வந்துடும். என் ஊட்டுக்காரர் அதுக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுனா அதிகம், அதுல ரெண்டு வார்த்தை 'சோறு போடு'. எங்களுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. பொன்னேரியில காலேஜ், ரெண்டாவது வருஷம். ரெண்டு பக்கத்து சொந்தத்துலயும் காலேஜ் வாசப்படி மிதிச்ச மொத ஆளு அவதான். காலையில பஸ்ஸுல போனா சாயங்காலம் ஊடு வந்து சேருவா. படிக்கிற புள்ள சேத்துல உக்கார வேணாம், ஏரிப் பக்கமே வராதன்னு சொன்னதும் நான்தான்.

அந்த வருஷம் மழை உட்டதும் எங்க ஊட்ல சோறு காணாமப் போவ ஆரம்பிச்சுது. ராத்திரிக்கும் சேத்து வடிச்சு, மூடி வச்சிட்டு வெளிய போவேன். திரும்பி வந்தா பானையில அடிச்சோறுகூட இருக்காது. தொக்கு வச்ச கிண்ணியை வழிச்சு, கழுவி, கவுத்து வச்சிருக்கும். பூனை கிண்ணியைக் கழுவி வைக்குமான்னு ஒரு மனுஷி யோசிக்கணும் இல்ல? நான் யோசிக்கல. பக்கத்து ஊட்டுப் பூனையைத் தொடப்பத்தால அடிச்சு, பூனைக்காரியோட ஒரு வாரம் சண்டை போட்டேன்.

அப்பறம் ஒரு சாயங்காலம், எங்க ஊட்டுக்குப் பின்னாடி இருக்கற பாத்ரூம்ல அவ வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுச்சு. வயிறு சரியில்லன்னு உட்டுட்டேன். மறுநாளும் கேட்டுச்சு. அதுக்கு அடுத்த நாளும். பத்தொம்பது வயசுப் பொண்ணு வாந்தி எடுத்தா எங்க ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தந்தான். பாத்ரூம் தகரக் கதவாண்டயே நின்னேன். வெளிய வந்தா. கண்ணு செவந்து, கன்னம் உப்பி இருந்துச்சு.

"எவன்மே அவன்?"னு கேட்டேன்.

அவளுக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதை நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். "எவனும் இல்லம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு, சுவரைப் பாத்துப் படுத்துக்கினா. பத்து நாள் கழிச்சு அவ தலைக்குத் தண்ணி ஊத்திக்கினப்போ அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அப்பாடாவை நினைச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு. புள்ள உண்டாகலன்னா போதும்னு நிம்மதியாயிட்டேன். ஓமத் தண்ணி வச்சுக் குடுத்தேன். எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். உடம்பு எளைக்கவும் இல்ல, பாக்க நல்லாத்தான் இருந்தா. நோவு வந்தா ஆளு எளைக்கணும்னு நான் நினைச்சுக்கினு இருந்தேன்.

தை மாசம் ஒரு நாள் காலையில திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப்புல இருந்து போன் வந்துச்சு. அவ கூடப் படிக்கிற பொண்ணு. "ஆன்ட்டி, பஸ்ல கால் இழுத்துக்கிச்சு, மயக்கமா உழுந்துட்டா, எறக்கி உக்கார வச்சிருக்கோம்"னு சொல்லிச்சு. ஈரப் புடவையோட ஆட்டோ புடிச்சேன். வழியில எங்க சாமி பேரு எல்லாம் சொல்லி, அது பத்தாதுன்னு சர்ச்சு பக்கமும் பாத்துக் கும்புட்டேன். பக்கத்துல இருந்த கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனோம்.

அங்க இருந்த டாக்டரம்மாக்கு என் பொண்ணை விட ஆறேழு வயசுதான் ஜாஸ்தி இருக்கும். வெளியூரு. நாடி புடிக்கக் கையைத் தூக்குனவங்க, புடிச்ச கையை உடவே இல்ல. விரல் முட்டியையே பாத்துக்கினு இருந்தாங்க.

"இது என்ன காயம்?"

அவ பேசறதுக்கு முன்னாடி நான் பூந்துட்டேன். "எறா தடவுற கை டாக்டரம்மா. கிளிஞ்சல் கிழிக்கும். என் கையைப் பாருங்க, இதே மாதிரிதான்." பெருமையா வேற காட்டுனேன். அவங்க என் கையைப் பாத்தாங்க. அவ கையைப் பாத்தாங்க. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாத்தாங்க. அப்பறம் அவகிட்ட மெதுவா, "கடைசியா எப்பம்மா ஏரிக்குப் போன?"னு கேட்டாங்க.

இதுக்கும் நான்தான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதான் எனக்கு உறைச்சுது. பொங்கல், தீபாவளி, அதுக்கு முன்னாடின்னு பின்னால போய்க்கினே இருந்தேன். அவ தண்ணியில எறங்குன நாளே அகப்படல. டாக்டரம்மா என்னைக் கொஞ்ச நேரம் வெளிய உக்காரச் சொன்னாங்க. பெஞ்சுல உக்காந்து என் கையையே பாத்துக்கினு இருந்தேன். உள்ள அவ அழுவுறது கேட்டுச்சு.

பத்து நிமிஷம் கழிச்சு என்னைக் கூப்புட்டுச் சொன்னாங்க. இது கிளிஞ்சல் கிழிச்ச காயம் இல்ல, வாந்தி எடுக்கறப்போ அவ பல்லு பட்ட காயம். நிறுத்த முடியாம சாப்புடறா, அப்பறம் பயந்துபோய் அவளே வாந்தி எடுக்கறா. திமிரு இல்ல, பேய் இல்ல, இது ஒரு நோவு, இதுக்கு வைத்தியம் இருக்கு. ஆனா ரத்தத்துல உப்புச் சத்து குறைஞ்சு போயிருந்தா இதயத்துடிப்பு தடுமாறும், திடீர்னு நின்னுகூடப் போவலாம், உடனே சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

உப்பு குறைச்சலாம். பொழுதன்னிக்கும் உப்புத் தண்ணியில ஊறிக் கிடக்கிறவங்க ஊட்டுப் பொண்ணுக்கு. ஆட்டோவை ஒரு கடையாண்ட நிறுத்தி, ஒரு சொம்பு கஞ்சியில கைநிறைய உப்பைப் போட்டுக் கலக்கி அவ வாயாண்ட கொண்டு போனேன். நல்லவேளை, அவ குடிக்கல. பெரிய ஆஸ்பத்திரியில அதைச் சொன்னப்போ நர்ஸம்மா தலையில அடிச்சுக்கினாங்க. அது வேற உப்பாம், பொட்டாசியமாம். கையில ஊசி குத்தி மெதுவா ஏத்துனாங்க. நாலு நாள் மார்ல ஒயரு ஒட்டிப் படுத்துக் கிடந்தா. தலைமாட்டு டிவியில அவ துடிப்பு ஒரு கோடா மேலயும் கீழயும் ஓடிக்கினே இருக்கும். அது ஓடுதான்னு பாத்துக்கினே உக்காந்திருந்தேன். கண்ணைச் சிமிட்டக்கூட பயமா இருந்துச்சு.

அப்பறம் மனசு டாக்டரைப் பாத்தோம். அவங்களாண்டயே, பேசிப் பேசியே வைத்தியம் பண்ற ஒரு மேடமும் இருந்தாங்க. வாரத்துக்கு ஒரு தபா வரச் சொன்னாங்க. மொத நாள் மேடம்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "இதுக்கு யாரு காரணம்? எனக்குப் பேரு வேணும்." சண்டை போட எனக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதான். மேடம் சிரிக்கல. "ஒரே ஒரு ஆளைத் தேடாதீங்கம்மா, கிடைக்க மாட்டாங்க. பொறந்த உடம்பு வாகு கொஞ்சம், மனசு வாகு கொஞ்சம், காதுல உழுந்த பேச்சு கொஞ்சம், போன்ல பாக்குற படங்க கொஞ்சம். எல்லாம் சேந்துதான் வரும்"னாங்க. இந்த நோவு எப்படிச் சுத்திச் சுத்தி வருதுன்னும் சொன்னாங்க. ஒடம்பு குறையணும்னு காலையில சாப்புட மாட்டா, மத்தியானமும் சாப்புட மாட்டா. பசி சும்மா உடுமா? சாயங்காலம் ஊட்டுக்கு வந்ததும் கை தானாப் பானைக்குப் போவும், நிறுத்த முடியாது. அப்பறம் பயம், வாந்தி, வெக்கம். வெக்கத்துல மறுநாள் இன்னும் கெட்டியாப் பட்டினி. "பட்டினியை நிறுத்துனாதான் மீதி நிக்கும். சாப்பாட்டைக் கட்டுப்படுத்துறது இல்லம்மா வைத்தியம், வேளாவேளைக்குப் பயமில்லாம சாப்புட வைக்கிறதுதான்"னாங்க.

திரும்பி வரும்போது ரயில்ல கூட்டம் இல்ல. எதிர் எதிர்ல உக்காந்திருந்தோம். அனுப்பம்பட்டு ஸ்டேஷன்ல வண்டி ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்துச்சு. அப்போ அவளே பேசுனா.

"மா, அந்த நண்டுத் தராசு ஞாபகம் இருக்கா?"

இருக்கு. எறாவும் நண்டும் வாங்குற ஏஜெண்டு ஷெட்டுல ஒரு பெரிய தராசு உண்டு, ஆள் ஏறி நிக்கலாம். பன்னெண்டாவது பரீட்சை முடிஞ்ச லீவுல அவ என்கூட வந்திருந்தா. கூடை எல்லாம் போட்டு முடிச்சதும் பொம்பளைங்க விளையாட்டுக்கு ஒருத்தரை ஒருத்தர் ஏத்தி உட்டு எடை பாப்போம். அவளையும் புடிச்சு ஏத்துனாங்க. எடையைச் சத்தமாப் படிச்சாங்க. "அடியே, உன் பொண்ணு மூணு கூடை நண்டு வருவா போலருக்கே"ன்னு ஒருத்தி சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க.

"எல்லாரும் சிரிச்சது பரவால்லம்மா. நீதான் ரொம்ப சத்தமா சிரிச்ச."

வண்டி கிளம்பிடுச்சு. நானா இதுக்குக் காரணம்னு இருந்துச்சு. மேடம் ஒரே ஆளைத் தேடாதீங்கன்னு சொன்னது என் நெஞ்சு வெடிச்சுடக் கூடாதுன்னுதானோ இன்னாவோ. "தப்பு பண்ணிட்டேன் கண்ணு"ன்னு சொன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு, "அது மட்டும் இல்ல, உடு"ன்னா.

சொல்லிக் குடுத்ததை எல்லாம் அப்படியே செஞ்சேன்னு நினைக்காதீங்க. ஊட்டுக்கு வந்த மொத வாரமே பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாளைப் புடுங்கிப் போட்டேன். அவ உள்ள போனா நான் கதவாண்ட. அவ தும்முனா நான், "இன்னா சத்தம்?" சோத்துப் பானையைத் தூக்கிப் பரண்ல வச்சேன். அவ சாப்புட்டா கண்ணு வாங்காம பாப்பேன், சாப்புடலன்னா கத்துவேன். ஏரியில உக்காந்திருந்தாலும் என் காது மட்டும் அந்தத் தகரக் கதவாண்டயே இருக்கும். இப்போ இன்னா பண்றாளோ, உழுந்து கிடக்கிறாளோன்னு பாதி எறாவோட ஓடி வந்துடுவேன். ஒரு நாள் அப்படி ஓடி வந்தா அவ ஊட்ல இல்ல. சவுக்குத் தோப்புப் பக்கம் இருந்து வந்தா, துப்பட்டாவால வாயைத் தொடச்சுக்கினு. தாழ்ப்பாளைப் புடுங்கி நான் அவளை நிறுத்தல, ஊட்டை உட்டு வெளிய தொரத்திட்டேன்.

மேடம்கிட்ட அதைச் சொன்னேன். திட்டல. "காவல் இருக்காதீங்க, கூட இருங்க. சாப்புட்ட பின்னாடி ஒரு மணி நேரம் அவளுக்குக் கஷ்டமான நேரம். அப்போ எதாவது கைவேலை செஞ்சுக்கினு பக்கத்துல உக்காருங்க. சோத்தைப் பத்தியும் பேச வேணாம், உடம்பைப் பத்தியும் பேச வேணாம்"னாங்க. அன்னிக்குச் சாயங்காலம் சுத்தியலை எடுத்துத் தாழ்ப்பாளை நானே திரும்ப அடிச்சேன். ஒவ்வொரு ஆணியும் என் மார்ல எறங்குன மாதிரிதான் இருந்துச்சு. அவ வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தா.

கைவேலைக்கு எங்க போவறது? என் ஊட்டுக்காரர் ரெண்டு நாள் கட்டட வேலைக்குப் போனா நாலு நாள் அடுத்தவங்க படகுல வலைக்குப் போவாரு. ஒரு பழைய வலையைத் தூக்கிக்கினு வந்து நடு ஊட்ல போட்டாரு. "வலைக்கண்ணு அறுந்திருக்கு"ன்னாரு. சாப்புட்டு முடிச்சதும் மூணு பேரும் அதைச் சுத்தி உக்காந்து அறுந்த கண்ணுக்கு முடிச்சுப் போடுவோம். மொத நாள்ல எல்லாம் அவ எழுந்திரிக்கப் பாப்பா, திரும்ப உக்காருவா. ஒரு தபா, "நைனா, ஏதாவது பேசேன்"னா. அவரு ரொம்ப யோசிச்சு, பசியாவரம் பக்கத்துல படகு மண்ணுல ஏறி அரை நாள் மாட்டிக்கினு இருந்த கதையைச் சொன்னாரு. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கே அது தெரியாது.

ஒரு மாசம் போச்சு, ரெண்டு மாசம் போச்சு. வலை மட்டும் முடியல. எனக்குச் சந்தேகம். ஒரு நாள் சீக்கிரமா வந்துட்டேன். பாத்தா இந்த மனுஷன் பின்பக்கம் குந்திக்கினு, நாங்க நேத்திக்குப் போட்ட முடிச்சை பிளேடால அறுத்துக்கினு இருக்காரு. என்னைப் பாத்ததும் பிளேடை மறைச்சாரு. நான் பாக்காத மாதிரி உள்ள போயி, அடுப்பாண்ட உக்காந்து அழுதேன்.

நடுவுல ரெண்டு தபா வழுக்குனா, பழையபடி வாந்தி எடுத்தா. ஒவ்வொரு தபாவும் அவளா சொல்லல, ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுது. அந்தப் பொய்தான் எனக்குப் பயம். வாந்தியை விட பயம். அவ யாருக்கும் தெரியாம அழுத்தி வச்சுக்கினா அந்த டிவியில ஓடுன கோடு என்னிக்கு நிக்கும்னு யாருக்குத் தெரியும்? மேடமும் அதைத்தான் சொன்னாங்க. வழுக்குறது பெருசு இல்ல, வழுக்குனதைச் சொல்ல அவளுக்கு உங்க ஊட்ல ஒரு ஆளு இருக்கணும்னாங்க. நான் அந்த ஆளான்னு எனக்கே தெரியல. என் வாய் எனக்குத் தெரியும்.

பங்குனி கடைசியில, "ஞாயித்துக்கெழம நானும் ஏரிக்கு வரேன்மா"ன்னு கேட்டா. டாக்டரும் சரின்னாங்க. வெளியில இருந்தா நல்லதுதான்னாங்க. பல் டாக்டர் அவ பல்லு தேஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தாரு, பறியைக் கடிக்க முடியாது, கூசும். அதனால இடுப்புல கயிறு கட்டி அதுல பறியைக் கோத்துக்கினா. "இன்னாமே, உன் பொண்ணு பறியை இடுப்புல கட்டிக்கினு வர்றா, புது ஃபேஷனா?"ன்னு ஒருத்தி கேட்டா. "ஆமா, உன் கண்ணு அவ இடுப்புலதான் இருக்கா, சேத்துல வச்சுத் தடவு"ன்னேன். அவ சிரிச்சா. தண்ணியில நின்னுக்கினு என் பொண்ணு சிரிச்சு எத்தினி நாள் ஆச்சுன்னு பாத்துக்கினே இருந்ததுல எனக்கு ஒரு எறாகூட மாட்டல.

இப்படி ரெண்டு மாசம் நல்லாப் போச்சு. அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம. காலையில ரெண்டு பேரும் ஏரிக்குப் போனோம். மத்தியானம் அவளை மொதல்ல ஊட்டுக்கு அனுப்பிட்டு நான் ஷெட்டுக்குப் போயி எறாவைப் போட்டுட்டு வந்தேன். சாயங்காலம் சோத்துக்கு முன்னாடியே வலையைச் சுத்தி உக்காந்தோம். வெளிச்சம் இருந்துச்சு. அவ கையை நீட்டி நூலை இழுத்தா. விரல் முட்டி மேல புதுசா ஒரு கீறல்.

கிளிஞ்சலா இருக்கும். காலையில மூணு மணி நேரம் சேத்துல இருந்தாளே, கிளிஞ்சல்தான். இருக்கணும். என் கையிலயும்தான் அன்னிக்கு நாலு கீறல். கேக்கவா வேணாமா? கேட்டா சந்தேகப்படறேன்னு ஆவும். கேக்காம உட்டா மொத தபா உட்ட மாதிரி ஆவும். என் ஊட்டுக்காரரைப் பாத்தேன். அவரும் அந்தக் கையைத்தான் பாத்துக்கினு இருந்தாரு. முடிச்சு போடுற மாதிரி குனிஞ்சுக்கினேன். போட்ட முடிச்சு எல்லாம் தப்பு.

அவ நூலைக் கீழ வச்சா.

"மா. இது கிளிஞ்சல் இல்ல."

நான் நிமுந்து பாத்தேன்.

"மத்தியானம். நீ வர்றதுக்கு முன்னாடி. ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான்." கையைப் பின்னாடி இழுத்துக்கினா. "கத்தாதம்மா."

என் வாய்க்குள்ள எத்தினி வார்த்தை வந்து முட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். எழுந்து போயி மஞ்சளையும் எண்ணெயையும் எடுத்துக்கினு வந்தேன். அவ கையை இழுத்து மடியில வச்சுப் பூசுனேன். "காலையில மேடமாண்ட போலாமா? ரத்தமும் பாத்துடலாம்"னேன்.

"போலாம்."

அவ நைனா தொண்டையைக் கனைச்சாரு. "சோறு போடு. மூணு பேருக்கும்"னாரு.

போட்டேன். அவ சாப்புட்டா. அப்பறம் திரும்ப வலையாண்ட உக்காந்தா. அன்னிக்குக் காலையில அவ என்கூட ஏரியிலதான் இருந்தா. கிளிஞ்சல் கிழிச்சிடுச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.